தலைகீழாக ஒட்டிய ஐந்து லேபிள்கள்

நடந்தவை, வரிசைப்படி:

1. சிவகாசிக்குக் கிழக்கே ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில், மருந்து நிறுக்கும் அறையில், ஒரு பெண் வெடியுப்புக்குப் பதிலாகப் பச்சை உப்பை அள்ளினாள். பெயர்தான் பச்சை, இரண்டும் வெள்ளைத் தூள். கலப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள்.

2. தொழிற்சாலை முதலாளி நம் அச்சகத்துக்கு வந்து, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் சட்டென்று படிக்கிற மாதிரி லேபிள் வேண்டும் என்றார். அதற்கான எழுத்துகளை நான் வரைந்தேன்.

3. லேபிள்கள் அச்சாகின. பழைய நசுங்கிய டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லா நிறுவை அறைகளுக்கும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் புது டப்பாக்கள் வாங்கி, அவற்றின் மேல் ஒட்டினார்கள்.

4. பதினைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஏழாம் அறையில் மட்டும் ஐந்து டப்பாக்களிலும் லேபிள் தலைகீழாக இருந்தது. வேறு லேபிள் கொடுத்து நேராக ஒட்ட வைத்தேன். அடுத்த வாரம் போனேன். மறுபடியும் தலைகீழ்.

5. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று தொழிற்சாலையின் போர்மேன் சொன்னார். நான் நம்பினேன்.

ஐந்தாவதுதான் என் தவறு. இந்த மேசையை உங்கள் இருவரிடமும் விட்டுவிட்டு அடுத்த மாதம் மதுரைக்கு வேறு வேலைக்குப் போகிறேன். எட்டு வருடத்தில் நான் வரைந்த எழுத்துகளெல்லாம் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். அலமாரியில் இல்லாதது இந்த ஒன்றுதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம். சென்னையில் அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. மெதுவாகப் படிப்பவர்களுக்கு எழுத்து பெரிதாக இருந்தால் போதும் என்று எண்ணி, பெரிதாக, அழகாக, நிழல் விழுவது போல வரைந்து எடுத்துப் போனேன். நிறுவை அறைப் பெண்களிடம் காட்டினேன். "யாத்தே, எம்புட்டு நல்லாருக்கு!" என்றார்கள். சந்தோஷமாக பஸ் ஏறினேன். திருத்தங்கல் தாண்டும்போதுதான் உறைத்தது: நல்லா இருக்கு என்றார்களே தவிர, ஒருத்தியும் அதைப் படிக்கவில்லை. முதலாளியோடு வந்த பெண்ணிடம் வேறென்ன சொல்வார்கள்?

மறுநாள் போய்ப் படிக்கச் சொன்னேன். நிழலை எழுத்தோடு சேர்த்து வேறு எழுத்தாக்கிப் படித்தார்கள். அதன்பின் நிழலை எடுத்தேன். சுழிகளைத் திறந்துவிட்டேன், மை உள்ளே அடைக்காதபடி. மருந்துத் தூசி படிந்தாலும் தெரியும்படி மெய்யெழுத்தின் புள்ளியை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடம் விட்டேன். கோணலாக, சப்பையாக, அழகே இல்லாமல் வந்தது. அதைத்தான் படித்தார்கள். ஆகவே, யாராவது உங்கள் எழுத்தைப் பாராட்டினால் உடனே சந்தேகப்படுங்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி ஏழாம் அறை.

இரண்டாவது முறை தலைகீழ் லேபிள்களைப் பார்த்தபோது போர்மேன் என் பின்னால் நின்றார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் விசில் இருக்கும். என் எழுத்துகள் அவருக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

"டீச்சர், இது உங்க எழுத்தோட லட்சணம். எது தலை எது காலுன்னு ஒட்டுறவளுக்கே தெரியல."

நான் டீச்சர் இல்லை. ஆனால் கண்ணாடி போட்டு, பேனா வைத்திருக்கும் பெண்ணை அந்தப் பக்கத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது. என் அப்பா விருதுநகர் மிஷன் பள்ளியில் வாத்தியார் என்பதும் பரவியிருந்தது.

"மற்ற அறைகளில் நேராகத்தானே இருக்கிறது?" என்றேன்.

"அப்ப வேணும்னே செய்யுறாக."

அன்று மாலை நோட்டில் சந்தேகப் பட்டியல் போட்டேன். ஆர்டர் கை நழுவிய இன்னொரு அச்சகம், ஆள் வைத்துச் செய்திருக்கலாம். லேபிள் ஒட்டும் பெண்கள் வேலைப்பளுவின் எரிச்சலில் செய்திருக்கலாம். என் எழுத்தைப் பிடிக்காத போர்மேனே செய்திருக்கலாம். மூன்றையும் எழுதி, மூன்றாவதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

பட்டியலில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த லேபிள்கள் ஒட்டப்பட்டிருந்த விதம். ஒரு குமிழி இல்லை. ஓரங்கள் டப்பாவின் விளிம்போடு நூல் பிடித்தது போல ஒத்திருந்தன. நேராக ஒட்டியிருந்த மற்ற அறை லேபிள்களைவிட அவை சுத்தமாக இருந்தன. கெடுக்க நினைப்பவன் ஓரம் பார்த்து ஒட்ட மாட்டான். அதை நான் கண்ணால் பார்த்தேன்; கணக்கில் எடுக்கவில்லை. ஏற்கெனவே ஒரு ஆளைப் பிடித்துவிட்ட சந்தேகம் வேறெதையும் பார்க்க விடாது.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம். சீசன் நெருக்கும் நேரம். அவர் போர்மேனிடம் சொல்லி அனுப்பிய உத்தரவு இது: லேபிள் படிக்கத் தெரியாதவள் ஒருத்தியும் நிறுவை அறையில் இருக்கக் கூடாது. யார் யார் என்று டீச்சர் சோதித்துப் பட்டியல் கொடுக்கட்டும். நாளைக்கு நான் வந்து பார்ப்பேன்.

நிறுவை அறையிலிருந்து இறக்கினால் திரி வெட்டும் வேலை. சீசன் முடிந்தால் அதுவும் இல்லை. நிறுவைக்கு மட்டும்தான் வருடம் முழுவதும் ஆள் வேண்டும்.

"பட்டியல்ல முதல் பேரு நானே சொல்லிடுறேன். ஏழாம் நம்பர் குருவம்மா. லேபிளத் திருப்பி ஒட்டுறதும் அவதான். படிக்கத் தெரியாது, லேபிளே தப்புன்னு ஆக்கிட்டா தப்பிச்சிரலாம்ல?" என்றார் போர்மேன்.

என் பட்டியலில் இல்லாத பெயர். ஆனால் கேட்டதும் பொருந்தியது. முந்தைய சோதனைகளில் குருவம்மாளிடம் அட்டையைக் காட்டியபோதெல்லாம் அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வெகுநேரம் கழித்து ஒரு சொல்லைச் சொன்னாள். சில சமயம் சரி, சில சமயம் தவறு. ஊகிக்கிறாள் என்று குறித்து வைத்திருந்தேன்.

சோதனை தொழிற்சாலை வேப்பமரத்தடியில் நடந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சொற்கள் எழுதிய அட்டையை என் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பேன். எதிரே உட்கார்ந்தவள் படிக்க வேண்டும். சிலர் வேகமாக, சிலர் விரல் வைத்துத் தடவித் தடவி, எல்லோரும் படித்தார்கள். குருவம்மாள் கடைசியாக வந்தாள். முப்பது வயது இருக்கும். கைகளில் அலுமினியத்தூள் மினுங்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"போர்மேன் முன்னாடியே பேரு குடுத்துட்டாராமே. பெறகு எதுக்கு டீச்சர் இந்தச் சிரமம்?"

"படிம்மா," என்றேன்.

முதல் அட்டை. அவள் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் மனதுக்குள் இருபது எண்ணினேன். அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு, நோட்டை என் பக்கம் இழுத்து, அவள் பெயரை எழுதி, அதற்கு நேரே எழுத ஆரம்பித்தேன்.

"தெரியாதுன்னு எழுதுறீகளே டீச்சர்," என்றாள்.

பேனா நின்றது. நோட்டு என்னைப் பார்த்து இருந்தது. அவளுக்கு அது தலைகீழ்.

"அது கெடக்கட்டும். அந்த அட்டையில கந்தகம்னு போட்டிருக்கு," என்றாள்.

அட்டையும் என்னைப் பார்த்துத்தான் கிடந்தது.

எனக்கு வந்த முதல் எண்ணம் சந்தேகம்தான். பேனா அசைவைப் பார்த்து ஊகித்திருப்பாள். அட்டையை முன்னால் வந்தவள் யாராவது சொல்லியிருப்பாள். நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதினேன், என் பக்கம் பார்த்தே: வைப்பாற்றில் தண்ணீர் இல்லை.

"வைப்பாத்துல தண்ணி இல்ல. இத எதுக்கு எழுதிப் படிக்கணும்? ஊருக்கே தெரியும்."

அதுதான் குறை, ஊருக்கே தெரிந்ததை எழுதினால் சோதனை ஆகாது. யோசித்து இன்னொன்று எழுதினேன்: என் கண்ணாடி உடைந்துவிட்டது.

அவள் வரியைப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு? பொய் எழுதுறீக."

நோட்டைச் சுற்றி அவள் பக்கம் நேராக வைத்தேன். அந்த நொடியே அவள் முகம் மாறியது. நெற்றி சுருங்கியது. விரல் வரியின் மேல் தடுமாறியது. நல்ல வெயிலில் நடந்து வந்தவள் திடீரென்று இருட்டறைக்குள் நுழைந்தது போல இருந்தது.

"எங்கே படித்தாய்?" என்று கேட்டேன்.

"நான் எங்க படிச்சேன்? தம்பிதான் படிச்சான். வீட்ல தீப்பெட்டி ஒட்டுற வேலை. நடுவுல பசைச் சட்டி. அவன் அங்கிட்டு உக்காந்து புத்தகத்த விரிச்சுச் சத்தமாப் படிப்பான். நான் இங்கிட்டு உக்காந்து ஒட்டிக்கிட்டே பாப்பேன். கை ஒட்டும், கண்ணு அங்கன இருக்கும். புத்தகத்த என் பக்கம் ஒருநாளும் திருப்பல. ஒட்டுறவளுக்கு எதுக்குப் புத்தகம்?" சிரித்தாள். "அவன் மூணாங்கிளாஸ்ல நின்னுட்டான். நானும் நின்னுட்டேன்."

டப்பாக்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். பழைய டப்பாக்கள் இருந்தவரை எழுத்து தேவைப்படவில்லை: வெடியுப்பு டப்பாவுக்கு வயிற்றில் நசுங்கல், பச்சை உப்புக்கு மூடியில் துரு. புது டப்பாக்கள் வந்ததும் ஐந்தும் ஒன்று போல ஆகிவிட்டன. "ரெண்டு நாளு பயந்து பயந்து நிறுத்தேன். மூணாம் நாளு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஈரத்துணி வச்சு உரிச்சு, எனக்குத் தெரியுற மாதிரி ஒட்டிக்கிட்டேன். தப்புத்தான். ஆனா டீச்சர், தப்பா அள்ளுனா போறது நான் மட்டுமில்லைல."

யோசித்துப் பாருங்கள். புது டப்பா வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொன்னது நான்தான். எல்லாம் ஒரே மாதிரி ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற ஆசையில், அவள் நம்பியிருந்த அடையாளங்களை எல்லாம் நானே தூக்கி எறிந்திருந்தேன். எழுத்துகளை வரைந்த எட்டு மாதமும் அவளைச் சோதித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அட்டையை நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். எது நேர் என்று முடிவு செய்தது நான்.

போர்மேன் வந்துவிட்டார். "முடிஞ்சுதா? என்ன எழுதுனீக?"

குருவம்மாள் என் பேனாவைப் பார்த்தாள்.

என் முன் மூன்று வழி இருந்தது. உள்ளதைச் சொல்லலாம், "தலைகீழாப் படிக்கிறவள மருந்து ரூம்ல வச்சிருக்கணுமா?" என்று அவர் அன்றைக்கே அவளை இறக்கிவிடுவார். தெரியும் என்று எழுதிவிட்டு லேபிள்களை நேராக ஒட்டச் சொல்லலாம். அவள் வேலை போகாது, ஆனால் ஒருநாள் அவள் தடுமாறி அள்ளுவாள். ஒன்றும் செய்யாமல் தலைகீழாகவே விடலாம். ஒருநாள் அவள் வராதபோது வேறொருத்தி அந்த அறையில் உட்காருவாள்.

மூன்றிலும் யாரோ ஒருவருக்கு ஆபத்து. பட்டியலில் மூன்றும் தவறாக இருந்தால், பட்டியல் தவறான இடத்தில் தொடங்கியிருக்கிறது என்று பொருள். நான் ஆளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சோதிக்க வேண்டியது லேபிளை.

அவள் பெயருக்கு நேரே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "படிக்கிறாள்" என்று எழுதினேன். அது உண்மை.

"லேபிள் சரியில்லை. மாற்ற வேண்டும். மூன்று நாள் ஏழாம் அறையில் நிறுவை வேண்டாம்," என்றேன்.

"மூணு நாளா? லோடு நிக்குது டீச்சர். உங்கப்பாவா வந்து மருந்து நிறுப்பாரு?"

"அவருக்கும் படிக்கத் தெரியும்."

குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். நான் ஒரு டப்பாவையும், இங்கே பக்கத்து அச்சகத்தில் அடிக்கிற சீட்டுக்கட்டு ஒன்றையும் எடுத்துப் போயிருந்தேன். அடியில் கிடப்பதைத் தராசில் கொட்டுவது போல டப்பாவை அவர் முன்னால் சாய்த்துக் காட்டினேன். "மருந்து வெளியே விழுகிற நேரத்தில்தான் பெயர் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் லேபிள் தலைகீழாக இருக்கிறது. பாருங்கள்." பிறகு சீட்டில் ராஜாவை எடுத்து வைத்தேன். "இதை எந்தப் பக்கம் பிடித்தாலும் ராஜாதான். லேபிளும் அப்படி இருக்கட்டும். மேலே நேராக ஒரு முறை, கீழே தலைகீழாக ஒரு முறை."

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஏழாம் நம்பர்ல திருப்பி ஒட்டுனது?"

"லேபிளில் உள்ள குறையை யாரோ நமக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்," என்றேன். இதுவும் உண்மைதான். ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன்: டப்பாவைச் சாய்க்கும் காரணம் முந்தின நாள் மாலை பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குத் தோன்றியது. குருவம்மாளை மறைக்க ஒரு காரணம் தேடியபோது, லேபிளுக்கு முதலிலிருந்தே தேவைப்பட்ட காரணம் கிடைத்தது. இப்படிக் கிடைக்கும் காரணங்களையும் சந்தேகியுங்கள். நான் அன்று பல டப்பாக்களைச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

அண்ணாச்சிக்கு வேறு கவலை. "ரெண்டு தடவ பேரு போட்டா கிளி எங்க இருக்கும்?" கிளி அவர் கம்பெனி சின்னம்.

"கிளி இருக்காது."

"கிளி இல்லாட்டி நம்ம டப்பான்னு எவன் நம்புவான்?"

"இது கடைக்குப் போகிற டப்பா இல்லை அண்ணாச்சி. அறைக்குள்ளேயே இருப்பது."

ராஜாவைக் கட்டுக்குள் செருகினார். "சரி. ஆனா நல்லா இருக்கணும்."

"நன்றாக இருக்காது. படிக்க முடியும்."

முதல் அச்சு தோற்றது. இரண்டு பெயர்களுக்கும் நடுவே வெறும் இடம் மட்டும் விட்டிருந்தேன். மூன்றாம் அறையில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பெண், மேல் வரியை முடித்துவிட்டுக் கீழ் வரியையும் அதன் தொடர்ச்சி என்று நினைத்து மல்லுக்கட்டினாள். "இது என்ன பாஷை டீச்சர்?" என்றாள். ஒருத்திக்காகச் செய்தது இன்னொருத்தியைக் கெடுக்கிறது. எழுத்து வேலையில் இது எப்போதும் நடக்கும். நடக்கவில்லை என்று தோன்றினால் நீங்கள் போதுமான பேரிடம் காட்டவில்லை. நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு கறுப்புப் பட்டை போட்டேன். அதைத் தாண்டி அந்தப் பெண் கண் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை ஏழாம் அறையில் ஒட்டினோம். ஒட்டியது குருவம்மாள். ஒரு குமிழி இல்லை. போர்மேன் அதைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைப்பை விசிலை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அவருக்கு அன்றே தெரிந்துவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேர மாத்திட்டு எழுதுங்க," என்றாள். மாற்றியிருக்கிறேன். அறை எண்ணையும் மாற்றியிருக்கிறேன். படித்ததும் நீங்கள் தேடிப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நிலைமை: எல்லா அறைகளுக்கும் அந்த லேபிள்தான் இன்னும் அச்சாகிறது. ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் ஆர்டர் வரும். அச்சுத் தகடு அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. கறுப்புப் பட்டையை மெலிதாக்கச் சொல்லி யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். இரண்டு சுழி ன-வும் மூன்று சுழி ண-வும் இன்னும் சரியாக வரவில்லை. அது உங்கள் வேலை. குருவம்மாள் நிறுவையில்தான் இருக்கிறாள். போன வாரம் போய்வந்தேன். மற்ற அறைகளில் டப்பா லேபிள்களின் மேல்பாதி, படிக்கிற விரல் பட்டுப் பட்டுச் சுத்தமாக இருக்கிறது. கீழ்பாதியில் மருந்துத் தூசி. ஒரே ஒரு அறையில் மட்டும் மேல்பாதியில் தூசி படிந்திருக்கிறது, கீழ்பாதி சுத்தமாக இருக்கிறது.